வாசர்குப்பே நாட்குறிப்பு: மேகம் மலையைவிட்டு எழும் வரை

வியாழன் மாலை

வாசர்குப்பேயின் உச்சி 950 மீட்டர். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் இதைவிட உயரமான மலை கிடையாது. வானம் தெளிந்திருந்தால் மேற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வோகல்ஸ்பெர்க் மலை வரை பார்க்கலாம் என்கிறார்கள். இன்று மதியம் பேருந்திலிருந்து இறங்கியபோது சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த கட்டடமே கண்ணில் படவில்லை.

ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ஃபுல்டாவுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து கெர்ஸ்ஃபெல்ட் வரை பள்ளத்தாக்கு வழியாக ஒரு சின்ன ரயில். இன்று ஏசு விண்ணேற்ற விடுமுறை. ஜெர்மனியில் இதே நாள்தான் தந்தையர் தினமும். நிலையத்துக்கு வெளியே ஆண்கள் கூட்டம் ஒன்று பீர் பெட்டிகளைக் கைவண்டியில் ஏற்றி, தூறலைப் பொருட்படுத்தாமல் பாடிக்கொண்டே இழுத்துப் போனது. பேருந்து மலையேறத் தொடங்கியதும் ஏதோ ஒரு வளைவில் மேகத்துக்குள் புகுந்தது. அப்புறம் ஜன்னலில் சாம்பல் நிறம் மட்டும்தான்.

நான் வந்திருப்பது கிளைடர் ஓட்ட. சென்ற கோடையில் ஃபிராங்ஃபர்ட் பக்கம் சமவெளியில் உள்ள ஒரு மன்றத்தில் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். சமவெளியில் வெயில் தரையைச் சுட்டு, சுட்ட காற்று மேலே எழும்பினால்தான் எஞ்சின் இல்லாத விமானம் உயரம் ஏறும். மலையில் இன்னொரு வழி இருக்கிறது. காற்று சரிவில் வந்து மோதி மேலே திரும்பும். அந்த மேலேறும் காற்றுக்குள் மலையை ஒட்டியே போய்வந்துகொண்டிருக்கலாம், வெயிலே இல்லாவிட்டாலும். கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு வாசர்குப்பேயின் மேற்குச் சரிவு சாதாரண இடம் அல்ல. மணிக்கணக்கில் வானில் நிற்க மனிதர்கள் கற்றுக்கொண்டதே இந்த மலையில்தான். அந்தச் சரிவில் ஒரு முறையாவது பறக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நீண்ட வார இறுதியை ஒதுக்கி வைத்தேன்.

பறக்கும் பள்ளியின் வகுப்பறையில் ஒரு கரும்பலகை. அதில் பயிற்றுநர் இரண்டே எண்களை எழுதி வைத்திருந்தார்: 9, 7. முதலாவது கீழே கெர்ஸ்ஃபெல்டில் இப்போதுள்ள வெப்பநிலை. இரண்டாவது பனிநிலை, அதாவது அந்தக் காற்றை எந்த அளவுக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் திரளுமோ அந்த அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். வித்தியாசம் 2. ஆக 250 மீட்டர். கெர்ஸ்ஃபெல்ட் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகத்தின் அடி 750. நாங்கள் உட்கார்ந்திருந்தது அதற்கு 200 மீட்டர் மேலே, மேகத்தின் வயிற்றுக்குள்.

“இந்த வித்தியாசம் 8 ஆகட்டும், பிறகு பேசலாம்” என்றார் பயிற்றுநர். எழுபதை நெருங்கும் மனிதர். குரலில் அவசரமே இல்லை.

வகுப்பில் என்னோடு காத்திருப்பவர்களில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். இங்கே கிளைடரில் தனியாகப் பறக்க பதினான்கு வயது முடிந்திருந்தால் போதும். உரிமம் வாங்கத்தான் பதினாறு ஆக வேண்டும். அவளுக்கு எல்லாப் பயிற்சியும் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது முதல் தனிப்பறத்தல் ஒன்றுதான். அதற்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். எனக்கோ மேற்கிலிருந்து நன்றாக வீச வேண்டும். ஒரே பலகையை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நேரெதிரான வானிலைக்காக உட்கார்ந்திருக்கிறோம். அவளிடம் இதைச் சொன்னபோது, “முதலில் உங்களுக்கு, சாயங்காலம் எனக்கு” என்று பங்கு பிரித்துவிட்டாள்.

மே மாதத்தின் நடுவில் வரும் இந்தச் சில நாட்களுக்கு இங்கே ‘பனிப் புனிதர்கள்’ என்று பெயர். மாமெர்ட்டுஸ், பன்க்ராட்டியுஸ், செர்வாட்டியுஸ், பொனிஃபாட்டியுஸ், கடைசியில் குளிர்ந்த ஸோஃபி என்று ஒவ்வொரு நாளும் ஒரு புனிதருக்கு. ஸோஃபி போகும் வரை தோட்டத்தில் தக்காளி நாற்று நடமாட்டார்கள். உறைபனி விழுந்து கருகிவிடும் என்று பயம். இதே நாட்களில் ஊரில் அக்னி நட்சத்திரம் நடக்கிறது. காலையில் அம்மா ஃபோனில், மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது என்றார். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நாளைக்கும் இதே நிலைதான் என்கிறது முன்னறிவிப்பு. சனிக்கிழமை அதிகாலை ஒரு குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்து போகும். அதற்குப் பின்னால் வரும் காற்றின் மேல்தான் எல்லோரும் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி மாலை

வெப்பநிலை 10, பனிநிலை 8. நாள் முழுக்க அசையவில்லை.

காலையில் ஹேங்கருக்குள் வேலை. உள்ளே நிற்பவற்றில் பெரும்பாலானவை ஏஎஸ்கே 21 ரகம். இரண்டு இருக்கை, 17 மீட்டர் இறக்கை, வெள்ளை நிறக் கண்ணாடியிழை உடம்பு. முதலில் பறந்தது 1979இல். உலகத்தில் கிளைடர் கற்றுக்கொண்டவர்களில் பெரும் பங்கினர் ஒரு முறையாவது இதில் உட்கார்ந்திருப்பார்கள். அதைக் கட்டும் ஷ்லைஷர் தொழிற்சாலை 1927லிருந்து இந்த மலையின் அடிவாரத்திலேயே, போப்பன்ஹவுஸன் கிராமத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் விட்டால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிப் போகும்.

அந்தப் பெண் முன்பக்கக் கண்ணாடிக் கூண்டில் புது நூல் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல். ஒரு முனையை மட்டும் சிறு ஒட்டுத்தாளால் நடுக்கோட்டில் பிடித்து வைப்பார்கள், மறுமுனை காற்றில் விலகி ஆடும். விமானம் நேராகப் போனால் நூல் நேராகக் கிடக்கும். மூக்கு ஒரு பக்கம் திரும்பி உடம்பு பக்கவாட்டில் வழுக்கினால் நூலும் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். பக்கத்திலேயே ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர், உயரமானி, வேகமானி என்று விலையுயர்ந்த கருவிகள் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் கண் ஓயாமல் போவது இந்த நூலுக்குத்தான். பழைய நூல் நனைந்து, பிசிறு தட்டி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு புதியதின் நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, வாயால் ஊதிப் பார்த்து, அரை மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி ஒட்டினாள். பறக்க முடியாத நாளில் அந்த அரை மில்லிமீட்டருக்கு அவள் கொடுத்த கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மதியத்துக்கு மேல் அருங்காட்சியகம். மலை உச்சியிலேயே இருக்கும் ஜெர்மன் கிளைடர் அருங்காட்சியகம் இது. இந்த மூடுபனியில் இங்கே மாட்டிக்கொண்டதற்கு எனக்கு வருத்தமே இல்லை.

தார்ம்ஷ்டாட் நகரப் பள்ளி மாணவர்கள் 1911லேயே இங்கே வந்து தாங்களே கட்டிய சறுக்கு விமானங்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் தோற்றபின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியில் மோட்டார் விமானங்கள் கட்டக் கடும் தடைகள் போட்டது. எஞ்சின் இல்லாத விமானத்தை அது கண்டுகொள்ளவில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் விமானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்த ஆஸ்கர் ஊர்சினுஸ் 1920இல் அழைப்பு விடுத்தார்: சொந்தமாகக் கட்டிய கிளைடர்களோடு வாசர்குப்பே இருக்கும் ரோன் மலைக்கு வாருங்கள், போட்டி வைப்போம். வந்தவர்களில் மாணவர்கள் உண்டு, போரிலிருந்து திரும்பிய விமானிகளும் உண்டு. ரோன் மலைப்பகுதியில் மரம் குறைவு. புல்வெளிச் சரிவுகள் எல்லாத் திசையும் பார்த்திருக்கின்றன. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அதை எதிர்கொள்ள ஒரு சரிவு இருக்கும்.

முதல் போட்டியிலேயே ஒய்கன் ஃபொன் லோஸ்ல் என்ற விமானி விழுந்து இறந்தார். செப்டம்பரில்தான் வொல்ஃப்காங் கிளெம்பரர் தன் கறுப்புக் கிளைடரில் 1,830 மீட்டர் தூரம் பறந்தார். மொத்தம் 2 நிமிடம் 22 விநாடி! அன்றைக்கு அது பெரிய சாதனை. இரண்டே ஆண்டில், 1922 ஆகஸ்டில், ஹானோவர் மாணவர்களின் ‘வாம்பிர்’ கிளைடரில் ஆர்த்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றில் நின்றார். சில நாட்களில் அதே விமானத்தில் ஹென்ட்ஸன் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். இரண்டு நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரம். எஞ்சின் ஏதும் புதிதாக வந்துவிடவில்லை. காற்று சரிவில் எங்கே எழும்புகிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது, அதற்கேற்ற இறக்கையையும் கட்டினார்கள்.

கம்பியைச் சுற்றி இழுத்துக் கிளைடரை மேலே ஏற்றும் வின்ச் எந்திரம் அப்போது கிடையாது. தடித்த ரப்பர் கயிற்றை ஆங்கில வி எழுத்துப்போல இரண்டு பக்கமும் விரித்து, பக்கத்துக்கு நாலைந்து பேர் பிடித்துக்கொள்வார்கள். வாலை வேறு சிலர் கெட்டியாகப் பிடித்திருப்பார்கள். இழு, ஓடு, விடு என்று மூன்று கட்டளை. சரிவில் கீழ்நோக்கி அவர்கள் ஓட ஓடக் கயிறு இழுபடும். வாலை விட்டதும் கவண்கல் மாதிரிக் கிளைடர் அவர்கள் தலைக்கு மேல் சீறிப் போகும். அந்தக் கயிற்றைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களின் பழைய படங்களைப் பார்த்தேன். யாரும் ஓடவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். பறக்கும் படங்களைவிட இந்தப் படங்களின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். இந்தக் கலையின் பாதி இப்படி உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் என்று நான் நம்புகிறேன்.

காற்றை வாசிக்கும் அறிவியலும் இங்கேயே வளர்ந்தது. வால்ட்டர் கியோர்கி என்ற வானிலை ஆய்வாளர் கிளைடர்களையே ஆய்வுக் கருவிகளாக வைத்துக்கொண்டு, மேகங்களுக்கு அடியில் காற்று எப்படி ஏறுகிறது என்று ஆராய்ந்தார். 1926இல் மாக்ஸ் கேகல் என்பவரை இடிமேகம் ஒன்று உள்ளே உறிஞ்சிக்கொண்டது. உயிரோடு வெளியே வந்து 55 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். அன்றுமுதல் அவர் பெயர் ‘இடி மாக்ஸ்’. ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் 1929இல் நூறு கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கிளைடர் விமானி ஆனார். அவர் ஆஸ்திரிய யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. இந்த மலையின் பெருமையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெளியே வந்து நடந்தேன். இறந்த விமானிகளுக்காக 1923இல் எழுப்பிய நினைவுச்சின்னம், பாறைக் குவியலின் மேல் வெண்கலக் கழுகு, பத்தடி நெருங்கியபின்தான் உருவம் காட்டியது. அங்கிருந்து ஃபுல்டா நதியின் ஊற்றுக்கண்ணுக்குப் போனேன். வடக்கே போய் வெர்ரா நதியோடு கலந்து வேசர் என்ற பெயரில் கடலுக்குப் போகும் நதி, இங்கே ஒரு குழாய்த் தண்ணீர் அளவுக்குத்தான் ஒழுகுகிறது. காலணி முழுக்க ஈரம்.

சாப்பிட்டது ஃபுல்டா பக்கத்து வெங்காய ரொட்டி. மேலே பன்றிக்கொழுப்புத் துண்டுகளும் புளித்த க்ரீமும் போட்டுச் சுடுகிறார்கள். சூடாக இருந்தது.

சனி இரவு

விடியற்காலை நாலு மணிக்கு மழை ஓட்டில் அறைந்து எழுப்பியது. குளிர்முகப்பு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. ஏழு மணிக்குத் திரையை விலக்கினால், மலை முழுதாகத் தெரிகிறது! பனிப்போர்க் காலத்தில் கிழக்கு ஜெர்மனிப் பக்கம் காது வைத்துக் கேட்ட ரேடார் நிலையத்தின் வெள்ளைக் குமிழ்க் கூண்டு ஒன்று மட்டும் உச்சியில் மிஞ்சியிருக்கிறது. இரண்டு நாளாகப் பக்கத்திலேயே தூங்கியும் இப்போதுதான் அதைப் பார்க்கிறேன். கீழே பச்சைச் சரிவு, அப்பால் ஃபுல்டா சமவெளி, அதற்கும் அப்பால் நீலக்கோடாக வோகல்ஸ்பெர்க்.

குளிர்முகப்புக்குப் பின்னால் வரும் காற்றைக் கிளைடர்காரர்கள் ஏன் இவ்வளவு ஆசையோடு எதிர்பார்க்கிறார்கள் என்று முதல் பார்வையிலேயே விளங்கிவிடும். அது வடகடல் பக்கமிருந்து வரும் குளிர்ந்த, கழுவிவிட்ட காற்று. தூசி இல்லை, பார்வை எட்டும் தூரமெல்லாம் துல்லியம். கீழே வெயில் பட்டுத் தரை சூடாகும், மேலே குளிர்ந்திருக்கும். கீழுள்ள காற்றுக்கு மேலே ஏற அவ்வளவு வேகம் வந்துவிடும்.

ஆனால் அந்த வேகமே மழையையும் கொண்டுவரும். இன்று அதுதான் நடந்தது.

காலை கூட்டத்தில் பலகையில் 11, 6. வித்தியாசம் 5. மேகத்தின் அடி 1,125 மீட்டர். உச்சிக்கு மேல் 175 மீட்டர் இடைவெளி. காற்று மேற்கிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர், திடீர் வீச்சில் 60. “மேற்கு கேட்டீர்கள், கொடுத்திருக்கிறேன்” என்றார் பயிற்றுநர் என்னைப் பார்த்து. அந்த வீச்சில் மாணவர்களை அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். 175 மீட்டர் இடைவெளியில் யாரையுமே அனுப்ப மாட்டார்.

ஆகவே மேற்குச் சரிவின் விளிம்பில் போய் உட்கார்ந்தோம். அங்கே ஒரு பருந்து. ரோட்மிலான் என்கிற செந்நிறப் பருந்து; வால் கவடுபோலப் பிளந்திருக்கும். உலகிலுள்ள இந்த இனத்தில் ஏறக்குறைய பாதி ஜெர்மனியில்தான் கூடு கட்டுகிறது, ரோன் மலைப்பகுதி அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. எங்கள் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சரிவுக்கு இணையாக, இறக்கையை ஒரு முறைகூட அடிக்காமல் போனது. வாலை மட்டும் இடமும் வலமும் திருகிக்கொண்டே இருந்தது. புதர்க்கோடு முடியும் இடம் வரை போகும், மலைக்கு முதுகைக் காட்டி வெளிப்பக்கமாகத் திரும்பும், மறுபடி வரும். கிளைடர் விமானிக்கு முதல் பாடமாகச் சொல்வதும் இதையேதான்: சரிவில் எப்போதும் மலையைவிட்டு விலகித் திரும்பு. மலையை நோக்கித் திரும்பினால் காற்று உன்னை அதன்மேல் தள்ளிவிடும். ஒரு மணி நேரம் அந்தப் பறவையைப் பார்த்ததில், எங்கே காற்று நன்றாக ஏறுகிறது, எந்த மடிப்பில் இறங்குகிறது என்று மனதில் ஒரு வரைபடமே விழுந்துவிட்டது.

இன்னொரு பாடம் பயிற்றுநர் சொன்னது. வோகல்ஸ்பெர்க் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. நீலக்கோடு சாம்பலாகி மறைந்தால் அங்கே மழை. இன்றைய காற்றுக்கு ஒரு மணி நேரத்தில் அது இங்கே வந்துவிடும். பதினோரு மணிக்கு மறைந்தது. பன்னிரண்டுக்கு எங்கள்மேல் ஆலங்கட்டியோடு கொட்டியது. பிறகு வெயில். ஒன்றரைக்கு மறுபடி மறைந்தது. செயற்கைக்கோள் படம், ரேடார் செயலி எல்லாம் எல்லோர் கையிலும் இருக்கின்றன. ஆனாலும் மாலைக்குள் நாங்கள் அனைவரும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அந்த நீலக்கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் வெளியூர் மன்றம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் தங்கள் விமானத்தைப் பிரித்து நீள்வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வேலை, நெடுந்தொலைவு. அவர்கள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. போகும்போது இறக்கையைத் துடைத்து உறைபோட்ட அதே நிதானம்தான்.

நாலரை மணிக்கு இரண்டு பயிற்றுநர்கள் மட்டும் ஏறிப் பார்த்தார்கள். வின்ச் இழுத்துவிட்டதும் சரிவுக்குப் போய் ஒரே நேர்க்கோட்டில் உயர்ந்தார்கள், மேகத்தின் அடியைத் தொடும் முன் திரும்பினார்கள், அடுத்த மழைக்கு முன் இறங்கிவிட்டார்கள். பத்து நிமிடம் இருக்கலாம். இறங்கியவர் சொன்னது ஒரே வார்த்தை: “நாளைக்கு.”

அந்தப் பெண் இரவு உணவின்போது அமைதியாக இருந்தாள். அவளுக்கு இன்று மாலையும் போய்விட்டது. காற்று அடங்கவே இல்லை.

ஞாயிறு இரவு, ரயிலில்

காலை ஆறு மணிக்குப் புல்லில் உறைபனி. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. உயர் அழுத்தம் ஒன்று மேற்கிலிருந்து நகர்ந்து வருகிறது, காற்று மேற்கிலிருந்தே 25 கிலோமீட்டர், மாலைக்குள் மெல்ல அடங்கும் என்றார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே நாளில் இடம் வைத்த முன்னறிவிப்பு! எட்டு மணிக்குப் பலகையில் வித்தியாசம் 3. பத்துக்கு 6. பத்தரைக்கு வோகல்ஸ்பெர்க் மேல் முதல் திரள்மேகம் முளைத்தது. பதினோரு மணிக்குப் பயிற்றுநர் பழைய எண்ணை அழித்துவிட்டு 8 என்று எழுதினார். மேகத்தின் அடி 1,500 மீட்டர்.

உறைபனி உருகி இறக்கைகளில் நீர்த்துளிகளாக நின்றது. அதோடு பறக்கக் கூடாது. அந்தச் சின்னத் துளிகளே இறக்கை மேல் ஓடும் காற்றின் வழவழப்பைக் குலைத்துவிடும். மென்தோல் துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தோம். பாரசூட் மாட்டி, வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் மூன்று பேர்.

பன்னிரண்டரைக்கு மேகங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. மேலே ஏறிய ஈரக்காற்று ஓரிடத்தில் மூடிபோட்ட மாதிரித் தடுக்கப்பட்டு, பக்கவாட்டில் பரவுகிறது. கால் மணி நேரத்தில் வெயில் போயே போய்விட்டது. வெயில் இல்லாவிட்டால் தெர்மல், அதாவது சூடாகி மேலே எழும் காற்று, இல்லை. சமவெளியிலிருந்து வந்த விமானங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி இறங்கின. சமவெளியாக இருந்தால் என் நாளும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காற்றின் திசை காட்டும் துணிக் காற்றுப்பை மேற்கே வாய் திறந்து நிறைந்து நின்றது. சரிவுக்கு வெயில் தேவையில்லை.

என் முறை வந்தபோது மணி ஒன்றே கால். பின்னிருக்கையில் பயிற்றுநர். ஒருவர் இறக்கை நுனியைத் தூக்கிச் சமமாகப் பிடித்தார். கம்பி மெல்ல இறுகியது. அப்புறம் முதுகை இருக்கையில் அழுத்தித் தரை கழன்று போனது. சில விநாடிகளில் மணிக்கு நூறு கிலோமீட்டர். கண்ணெதிரே வானம் மட்டும். உச்சியில் கம்பி விடுபட்ட சத்தம், உடனே அமைதி. இடப்பக்கம் திரும்பிச் சரிவுக்குப் போனேன்.

நேற்று பருந்து போன அதே வழி. புதர்க்கோட்டுக்கு மேல் வந்ததும் இருக்கைக்கு அடியிலிருந்து உறுதியாக ஒரு தள்ளல். வேரியோமீட்டர் முள் விநாடிக்கு ஒரு மீட்டர் ஏற்றம் காட்டியது. சரிவை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போனேன். எதிரே இன்னொரு கிளைடர் வந்தது. மலை யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கு வழி. அவர் வெளியே விலகினார், கையசைத்தார். நூல் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து “நூல்” என்று ஒரு சொல். கால் மிதியை அழுத்தினேன், நேரானது. முனையில் வெளிப்பக்கமாகத் திரும்பி மறுபடி தெற்கே. கீழே புல்வெளியில் நடப்பவர்கள் தலைதூக்கிப் பார்ப்பது தெரியும் அளவுக்கு மலை அருகில் இருந்தது. 1922இல் மார்ட்டென்ஸும் ஹென்ட்ஸனும் போய்வந்துகொண்டிருந்த காற்று இதுதான் என்ற நினைப்பு எனக்கு ஓயவே இல்லை.

பிறகு போப்பன்ஹவுஸன் பக்கம் மேகக்கூரையில் ஒரு கிழிசல் விழுந்து, வெயில் ஒரு வயலின் மேல் மஞ்சளாக இறங்கியது. அதற்கு மேல் ஒரு பருந்து சுற்றத் தொடங்கியது. “என்ன நினைக்கிறீர்கள்?” என்றார் பயிற்றுநர். சரிவைவிட்டு வெளியே போனால், அங்கே தெர்மல் இல்லையென்றால், நேரே இறங்க வேண்டியதுதான். உயரம் போதுமா என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். “அப்படியானால் போங்கள்.” போனேன். வயலின் ஓரத்தில் வலது இறக்கை திடுக்கென்று தூக்கிக்கொண்டது. அந்தப் பக்கமே சாய்த்துச் சுற்றினேன். முள் 2 மீட்டரைத் தாண்டியது. பருந்து எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் அதே வட்டத்தில், தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தபடி. 1,400 மீட்டரில், மேகத்தின் அடிக்குப் போதிய இடைவெளி விட்டு நிறுத்திக்கொண்டோம். வெள்ளைக் குமிழ்க் கூண்டு கீழே ஒரு பொத்தான் அளவில் இருந்தது.

இறங்கும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்தவர் காத்திருந்தார், இருக்கையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு இறக்கை நுனியைப் பிடிக்கப் போனேன்.

ஆறு மணிக்குக் காற்றுப்பை தொய்ந்தது. மேகம் கரைந்து, சாய்வெயில் ஓடுபாதை முழுவதும். பயிற்றுநர் அந்தப் பெண்ணோடு ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கியதும் பின்னிருக்கையின் வார்களை அவரே இறுகக் கட்டி வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் விலகி நின்றார். அவள் தனியாகப் போனாள். இங்கே வழக்கம் மூன்று தனிப்பறத்தல், மூன்றும் முடிந்தால்தான் வாழ்த்து. இரண்டாவது முறை இறங்கியபோது நாங்கள் எல்லோரும் பூங்கொத்துக்காக ஓடுபாதை ஓரத்தில் இறங்கிவிட்டோம். முதல் தனிப்பறத்தலுக்குக் கொடுக்கும் கொத்தில் நல்ல பூ இருக்கக் கூடாது. முள்ளும் களையும் காட்டுச்செடியும்தான். நான் பறித்தது காஞ்சொறிச் செடி. மூன்றாவது முறை அவள் தரையைத் தொட்டதும் ஓடிப்போய் அதை அவள் கையில் திணித்தோம். வலியில் கத்திக்கொண்டே இறுகப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

பயிற்றுநரே என்னை ஃபுல்டா வரை காரில் கொண்டுவந்து விட்டார். வழியில் அடுத்த வாரத்து முன்னறிவிப்பு பற்றித்தான் பேச்சு. புதனன்று இன்னொரு குளிர்முகப்பு வருகிறதாம். வலது கை விரல்கள் இன்னும் காந்துகின்றன. இடது கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.